குற்றவாளிக்கு வழக்காடியோர்



சட்டக் கல்லூரியில் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர் சில நாட்களுக்கு முன் மாலையில் அறைவீட்டுக்கு வந்தார். "சாமி, ஒருவன் கொலை செய்தான் என்று தெரிந்தும் அவனுக்காக வாதாடுவது தகுமா?" என்று கேட்டார். நேரான விடை கூறாமல், டெக்சாஸ் மாநிலத்து வழக்கு ஒன்றை அவருக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1951 ஆகஸ்டில், அம்மாநிலத்தின் எட்னா என்னும் சிற்றூரில், பருத்தித் தொழிலாளியான பீட் ஹெர்னாண்டெஸ் என்பவர் மதுக்கடை ஒன்றில் எழுந்த சச்சரவில் ஜோ எஸ்பினோசா என்பவரைச் சுட்டுக் கொன்றார். இருவருமே மெக்சிக மரபினர். ஜூரிமார் ஹெர்னாண்டெசுக்கு ஆயுள் தண்டனை விதித்தனர். ஜூரி என்றால் நம் இளந்தலைமுறைக்கு விளங்காது. பொதுமக்களுள் பன்னிருவர் அமர்ந்து குற்றவாளியா அன்றோ என முடிவு கூறும் முறை அது. நம் நாட்டுக் குற்ற வழக்குகளில் அது மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன.

அந்த ஜாக்சன் மாவட்டத்து மக்களுள் நூற்றுக்குப் பதினான்கு பேர் ஸ்பானியப் பெயருடையோர். ஆயினும் 25 ஆண்டுகளாக ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்ட ஏறத்தாழ 6,000 பேரில் அவர்களுள் ஒருவர்கூட இல்லை! இதனை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா, ஜான் ஹெரேரா, ஜேம்ஸ் டிஆண்டா ஆகிய வழக்குரைஞர்கள் மேல்முறையீட்டில் "இவர் நிரபராதி" என்று வாதாடவில்லை. "இவரை விசாரித்த முறை நீதியன்று" என்றே வாதாடினர்.

அரசு கூறிய மறுமொழி விந்தையானது. மெக்சிகரும் வெள்ளையரே, வெள்ளையர் அடங்கிய ஜூரி வெள்ளையரை விசாரித்ததில் பாகுபாடு எங்கே என்றது. டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆனால் ஜாக்சன் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பிடங்கள் இருந்தன. ஒன்றில் எவ்வறிவிப்பும் இல்லை. மற்றதில் "கறுப்பு ஆண்கள்" என்றும், அதன்கீழ் ஸ்பானிய மொழியில் "ஆண்கள் இங்கே" என்றும் எழுதியிருந்தது. ஊரில் ஓர் உணவகம் மெக்சிகருக்கு உணவில்லை என்று பலகை தொங்கவிட்டிருந்தது. வெள்ளையர் என்பது வாதத்துக்கு மட்டும், கழிப்பிடத்துக்கு அன்று. மாநில அரசே வளர்த்த பொய்யை அதன் சுவரே மறுத்தது என்று நான் சொன்னபோது இளைஞர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லூலாக் என்னும் சங்கமும், முன்னாள் படைவீரரான மெக்சிக மரபினரின் மன்றமும் பொருளுதவி செய்ய, வழக்கு வாஷிங்டன் சென்றது. 1954 ஜனவரியில் கார்சியா உச்சநீதிமன்றத்தில் பேசினார். அவருக்கு உரிய நேரம் முடிந்த பின்னும் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் பேச விட்டார் என்பர். மே 3-ஆம் நாள் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தம் வெள்ளையர், கறுப்பர் என்னும் இரு பிரிவினரை மட்டும் காப்பதன்று. தம் இனத்தார் ஜூரியில் இருந்தே தீரவேண்டும் என்று எவரும் கோர இயலாது. ஆனால் இனம் பற்றித் திட்டமிட்டு விலக்கிவைக்கப்பட்ட ஜூரி தம்மை விசாரிக்கலாகாது என்று கோரலாம்.

சான் அந்தோனியோவில் வழக்குரைஞர் பீட் திகெரினா முயன்று, 1968-இல் இம்மக்களின் வழக்குகளுக்கென்றே மால்டெஃப் என்னும் சட்ட உதவி அமைப்பு உருவாயிற்று. கடேனாவும் கார்சியாவும் தொழில் நடத்திய ஊர் அதுவே. உரிய பத்திரமின்றி நாட்டில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவை அடைக்கலாகாது என்று 1982-இல் ஐவருக்கு நால்வர் என்னும் நூலிழையில் தீர்ப்புப் பெற்றதும் இவ்வமைப்பின் வழக்குரைஞர்களே. கார்சியா இவற்றைக் காணவில்லை. குடிக்கு அடிமையாகி, ஐம்பது வயது நிரம்புமுன்னரே, 1964-இல் வறுமையில் இறந்தார்.

"ஹெர்னாண்டெஸ் விடுதலையானாரா, சாமி?" என்றார் இளைஞர்.

இல்லை. மீண்டும் விசாரணை நடந்தது. குற்றவாளி என்றே முடிவாகி, 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.