அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும் நீர்ப்பூட்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்குத் தென்மேற்கே, கடற்கரையை ஒட்டி அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் செல்கிறது. 1860-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய இக்கால்வாய், பத்மநாபசுவாமி, இங்கிலாந்து அரசியார், நாட்டு மன்னர் ஆகிய மூவரின் பெயரையும் தாங்கியது. கன்னியாகுமரியை எட்டுவதே அதன் நோக்கம், எட்டவில்லை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது கால்வாயும் இரு மாநிலங்களுக்குப் பங்காயிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பூவாறு கடற்கரை முதல் இரையுமன்துறை வரையுள்ள 11 கிலோமீட்டரை 13-ஆம் எண் தேசிய நீர்வழியாக அறிவித்தது. அறிவிப்பினால் மட்டும் தூர் அகன்றுவிடாது என்பதைப் பொழியூர், நீரோடி மக்கள் நன்கறிவர்.

தூர் ஒருபுறமிருக்க, உண்மையான சிக்கல் இரு முகத்துவாரங்களிலும் உள்ளது. வடக்கே நெய்யாறும் தெற்கே குழித்துறை ஆறும் கடலிற் கலக்கின்றன. கோடையில் அலைகள் மணலைக் குவித்துப் 'பொழி'யை அடைத்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் அதனை உடைத்துச் செல்லும். பொழி திறந்திருக்கையில் ஓதத்துடன் ஏறிவரும் உவர்நீர் கிணறுகளையும் தென்னந்தோப்புகளையும் கெடுக்கும். அதனைத் தடுக்க வெறும் அடைப்புப் பலகை போட்டால் உவர் நிற்கும், படகும் நிற்கும்.

இதற்கு மாற்று நீர்ப்பூட்டு. இரு கதவுகளுக்கிடையே ஓர் அறை. படகு உள்ளே வந்ததும் பின்கதவு மூடப்படும். சிறு மதகின் வழியாக நீர்மட்டம் மறுபக்கத்திற்குச் சமமானதும் முன்கதவு திறக்கும். எந்திர விசையின்றி நீரே படகை ஏற்றி இறக்குகிறது. ஆலப்புழை மாவட்டத்துத் திருக்குன்னப்புழையிலும், வேம்பநாட்டுக் காயலின் தண்ணீர்முக்கம் அணையிலும் இத்தகைய பூட்டுகள் உள்ளன. ஊர்வழக்கில் இதனைச் 'சீப்பு' என்பர், அழகிய சொல்.

ஆயினும் பொறியியலார் பலகாலும் மறந்துவிடும் ஒன்றுண்டு: பூட்டு என்பது காத்திருக்கும் இடம். முறை வரும்வரையிலோ, கதவுக்காவலர் உணவருந்தி வரும்வரையிலோ, ஓதம் தணியும்வரையிலோ படகோட்டி வெயிலில் நிற்கவேண்டும். பேருந்து நிலையத்தில் நிழலும் குடிநீரும் கேட்பவர் நீர்வழிக்கு அவற்றைக் கேட்பதில்லை. எனவே இக்கால்வாய் சீராக்கப்படுமாயின், கதவின் செலவோடு படித்துறை, கயிறு கட்டும் குத்துக்கல், குடிநீர்க் குழாய், நிழற்கூடம் ஆகியவற்றின் செலவும் மதிப்பீட்டிலேயே இடம்பெறவேண்டும். பின்னர் சேர்க்கலாம் என ஒத்திவைத்தல் கூடாது. படகில் மகளிரும் வருவர். அவர்க்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும். அதன் கழிவு கால்வாயில் விழலாகாது. விழுமானால் உவரைத் தடுத்துப் பயனென்ன?

கதவு திறக்கும் நேரத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தலும் அவசியம். ஒரு மாநிலத்து ஊழியர் பூட்டும் கதவினால் மறு மாநிலத்துத் தோட்டக்காரர் நட்டப்பட்டால், எந்த அலுவலகத்தில் முறையிடுவது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும்.

இதற்கிடையே களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. பொழியூரிலும் நீரோடியிலும் ஓர் அளவுகம்பம் நட்டு, மாணவர் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறித்து வரலாம். அருகிலுள்ள கிணற்றின் உவர்ப்பையும் மாதமொருமுறை சோதிக்கலாம். கதவை எங்கே வைப்பது என்ற ஆராய்ச்சி தொடங்கும்போது, எல்லையின் இருபுறத்துக் குறிப்பேடுகளும் கைவசம் இருக்கும்.