கொடிகள் கூறியது யாது?

நாட்டுப்புறத்திலிருந்து முதன்முறையாகச் சென்னைக்கு வரும் இளைஞனொருவன் தான் கண்டவற்றைப் பற்றி வாய் திறப்பானாயின், நகரில் ஓராண்டேனும் கழித்தவர் அவனுக்கு இறுக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்." ஆறுதலாகவே அவர்கள் இதனைக் கூறுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாறுதலினுள் ஒரு தீர்ப்பும் மறைந்து கிடக்கின்றது. முதல் தோற்றமென்பது காய்ச்சலைப் போன்றது. அது தணிந்தபின் காண்பதே மெய்க்காட்சி என்பது அத்தீர்ப்பு. இதனை யான் உடன்படேன். பழக்கத்தால் கண் தெளிவதும் உண்டு, மங்குவதும் உண்டு. எதில் தெளிகின்றது, எதில் மங்குகின்றது என்று நாம் ஆராயாது விடுவதே குறை.

தமிழ் பயில்வோர் இவ்வினாவை நம் பெருநூல்களிடத்துக் கேட்டுப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையையைக் கடந்து மதுரையை அணுகுகையில், மதிலின்மேல் அசையும் கொடிகள் "இங்கு வாரற்க" என்று கைகாட்டி மறிப்பனபோலத் தோன்றின என்று இளங்கோவடிகள் பாடுகின்றார். கம்பரோ, இராமன் மிதிலையை அணுகுகையில், அந்நகரத்துக் கொடிகள் "விரைந்து வருக" என்று கைநீட்டி அழைப்பனபோல இருந்தன என்கின்றார். (கம்பரைப் புரந்தவர் எம்மூராகிய திருவெண்ணெய்நல்லூரின் சடையப்ப வள்ளல் என்பது வழிவழிச் செய்தி. ஆகவே கம்பரை எடுத்துக்காட்டுகையில் எனக்குச் சிறிது ஊர்ப்பற்றும் கலந்திருக்கும், படிப்போர் பொறுத்தருள்க.) இரண்டும் துணிக்கொடிகளே, இரண்டையும் அசைத்தது காற்றே. ஒன்று வருக என்பானேன்? மற்றொன்று வாரற்க என்பானேன்?

பின் நிகழ்வதைப் புலவர் அறிவர், அதனால் அவ்வாறு பாடினர் என்று உரைகாரர் அமைதி கூறுவர். அதனை மறுக்கின்றேனல்லேன். அதனோடு ஒன்றைச் சேர்த்துக் கூற விரும்புகின்றேன். இராமன் மன்னன் மகன். நகரமறிந்த விசுவாமித்திர முனிவர் முன்செல்ல அவன் வந்தான். கோவலன் பொருளிழந்தவன், விற்பதற்கு ஒரு சிலம்பும், அடைக்கலமாக விடுவதற்கு ஒரு மனைவியும் அன்றி அவனிடம் வேறொன்றுமில்லை. மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் தங்கியவன் அவன். நகரம் ஒருவனுக்கு முதன்முதற் காட்டும் முகம், அவன் யாருடன் வந்தான், எதற்காக வந்தான், கையில் என்ன கொண்டு வந்தான் என்பனவற்றைப் பொறுத்து மாறும்.

நிற்க. எங்கள் வட்டாரத்தார்க்குச் சென்னையின் வாயில் தலைமுறைதோறும் இடம்பெயர்ந்து வந்திருக்கின்றது. என் பாட்டனார் நாளில் வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனை வரையில் சென்றன. இறங்கியவர் அண்ணாந்தால் உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களைக் காண்பர். 2002-ஆம் ஆண்டு நவம்பரில் கோயம்பேட்டு நிலையம் திறக்கப்பட்டது. என் தாய்மாமன் கண்ட சென்னை அதுவே. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. யான் வந்திறங்கியது அங்கே. "சென்னை வந்தாயிற்று, இறங்குங்கள்" என்றார் நடத்துநர். இறங்கிய மண் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். நகரின் நடுப்பகுதிக்குச் செல்ல விரும்புவோர் அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரத்திற்கு மேலாக மாநகரப் பேருந்தில் நெரிபட வேண்டும். இக்காலப் புறஞ்சேரி இதுவே.

அந்நிலையம் அகன்றது, தூயது, ஒளி மிக்கது, குறை கூறுதற்கில்லை. ஆயினும் அங்கு யான் முதலிற் கண்டது அதன் கட்டடத்தையன்று. தோளில் ஒரு பையும் கையில் துண்டுச்சீட்டுமாக நின்ற முதியவர் ஒருவர், மருத்துவமனையொன்றின் பெயரைக் காட்டி ஒவ்வொருவரிடமும் வழி வினவிக்கொண்டிருந்தார். அவர் மனைவியார் தூணருகே தரையில் அமர்ந்திருந்தார். வினவப்பட்டோர் பலர் செவியிற் கருவி செருகியிருந்தமையின் வினாவைக் கேட்டிலர். எனக்கோ, விடுதியில் மூன்றாமாண்டு பயிலும் எம்மூரண்ணன் ஒருவர் விசுவாமித்திரராக வாய்த்து, பேருந்து நிற்குமிடத்திற்கே வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். (முனிவர்க்கு வேண்டிய பொறுமை அவரிடம் இல்லை, அது வேறு கதை.) அவரே அம்முதியவர்க்கும் வண்டியின் எண்ணைக் கூறி ஏற்றிவிட்டார். அன்றிரவு வீட்டாரிடம் தொலைபேசியில், "சென்னை நல்ல ஊர்" என்று யான் கூறியிருப்பின் அது பொய்யாகாது. அதே இரவில் அம்முதியவர் தம் வீட்டாரிடம் வேறு கூறியிருப்பின் அதுவும் பொய்யாகாது. "வந்தாரை வாழவைக்கும் சென்னை" என்று நாம் எளிதாகச் சொல்லும் வழக்கினை, விசுவாமித்திரர் இன்றி வந்தாரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தபின் சொல்லுதல் நன்று.

இதற்கு மறுதலையாகவும் ஒன்று உண்டு. சென்னையில் எவரும் "நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று வினவுவதில்லை. வந்த முதல் வாரத்தில் இஃது என் நெஞ்சை வாட்டிற்று. அன்பற்ற ஊர் என எழுதி வைத்தேன். என்னோடு அதே மாதத்தில் வந்த நண்பரொருவர் இதே செய்தியை முகமலர்ந்து கூறினார். அவர் ஊரில் அவ்வினா குலமறிதற்கு வினவப்படுவது. விடை கேட்டபின் வினவியவர் குரல் மாறுவதை அவர் சிறு பருவமுதல் கேட்டு வளர்ந்தவர். இங்கே தேநீர்க்கடையில் ஒருவரும் கேளாமல் அனைவர்க்கும் ஒரேவகைக் குவளையில் தேநீர் தரக் கண்ட அன்று அவர் உண்ட மகிழ்ச்சியை யான் உண்டிலேன். ஏனெனில், என் ஊர் எனக்கு அக்குறையை வைக்கவில்லை. எனக்கு வாரற்க என்ற கொடியே அவர்க்கு வருக என்றது. இவ்விரண்டையும் "ஒரு மாதத்தில் பழகிவிடும்" என்று ஒருசேரத் துடைத்துவிட்டால் நகரைப் பற்றியும் அறியோம். எங்கள் ஊர்களைப் பற்றியும் அறியோம்.

இனி, கண் மங்குவதற்கு வருவோம். கோவலன் வணிகன். ஆதலின் ஊர்காண் காதையில் அவன் கண் மணிக்கடையையும் பொற்கடையையும் அறுவைக் கடையையும் கூலக் கடையையும் நாடிச் சென்றது. யான் தென்பெண்ணைப் பாய்ச்சல் நிலத்தான். என் கண் நீரை நாடிற்று. கூவத்துப் பாலத்தை வண்டி கடக்கையில் மூக்கைப் பொத்தியவன் அவ்வண்டியில் யான் ஒருவனே. "இவ்வூர்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது?" என்று உடனிருந்த நகரத்து மாணவரை வினவினேன். "குழாயிலிருந்து" என்றார், அனைவரும் நகைத்தனர். யானும் நகைத்தேன். எனினும் வினா அப்படியே நின்றது. தேடிப் பார்த்ததில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளோடு, கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியும் 2004-ஆம் ஆண்டு முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்வழி இந்நகர்க்கு நீர் தருகின்றதென அறிந்தேன். சோழர் வெட்டிய ஏரியின் நீர் என்னைப் போலவே தெற்கிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருக்கின்றது! 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொணர்ந்தனர். அதற்கு நான்காண்டு முன்னர், 2015 டிசம்பரில், இதே நகர் வெள்ளத்தில் மிதந்தது.

நீர் வரும் வழியை அறியாதவர் அது போகும் வழியையும் அறியார். தியாகராய நகர், 1920-களில் நெடிய ஏரியொன்றைத் தூர்த்து அமைத்த நகர். நுங்கம்பாக்கத்து ஏரியிருந்த இடத்தில் 1976-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கின்றது. குறள் 1330-உம் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. வான்சிறப்பு என்னும் அதிகாரமும் அவற்றுள் ஒன்று. அதனைப் படிப்பவன் நிற்பது ஏரியின் வயிற்றில். மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" என்றொரு தெரு உண்டு. எத்திசை நோக்கினும் ஏரி காணோம். அங்கு வாழ்வோர் அப்பெயரை நாள்தோறும் முகவரியில் எழுதுகின்றனர். வியப்பது புதியவன் மட்டுமே.

எம்மவர் நீரறிவு மிக்கார் என்று யான் செருக்குதற்கும் இடமில்லை. 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலில் எங்கள் மாவட்டத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு அரசூரருகே நெடுஞ்சாலையையே மூடியது. ஆற்றின் வழியை நாங்களும் மறந்தவர்களே. சென்னை மாணவரொருவர் எம்மூர்க்கு முதன்முறையாக வருவாராயின், எங்கள் கண்ணுக்குத் தோன்றாத எத்தனையோ அவர்க்குத் தோன்றும். அவரையும் நகைத்து அடக்கிவிடுவோமோ என அஞ்சுகின்றேன்.

ஆகவே நம் தமிழ்த்துறை ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலாண்டு மாணவர்க்கு "முதன்முதற் கண்ட சென்னை" என்பதைக் கட்டுரைப் பொருளாகத் தருதல் வேண்டும். வெளியூரார் எழுதியவற்றை நகரத்தாரும், நகரத்தார் பிறவூர் பற்றி எழுதியவற்றை வெளியூராரும் வகுப்பில் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். அதனைக் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே தருக. இரண்டாம் மாதத்தில் தந்தாற் பயனில்லை. அதற்குள் அவர்களும், தண்ணீர் குழாயிலிருந்து வருகின்றதென்று சொல்லத் தொடங்கிவிடுவர்.