மின்கலமும் வாக்குமூலமும்

சாந்தன் என அறியப்பட்ட சுதேந்திரராஜாவின் உடல் 2024 மார்ச் 4 ஆம் திகதி வடமராட்சி எள்ளங்குளம் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1991 இல் கைதான அவர் 2022 நவம்பர் 11 வரை சிறையிலும், அதன் பின்னர் திருச்சி சிறப்பு முகாமிலும் வைக்கப்பட்டிருந்தார். ஊர் திரும்புவதற்கான அனுமதி கிடைத்த சில நாள்களுக்குள் சென்னை வைத்தியசாலையில் அவர் உயிர் பிரிந்தது. முருகன், றொபேட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய மூவரும் அதே ஆண்டு ஏப்ரல் 3 ஆம் திகதி நாடு திரும்பினர்.

உடுப்பிட்டியிலும் பருத்தித்துறையிலும் மக்கள் அன்று கேட்ட கேள்வி ஒன்று உண்டு. இந்த மனிதருக்கு எந்தச் சான்றின் மீது தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது? விடுதலைத் தீர்ப்பில் இதற்கு விடையில்லை. தமிழக அமைச்சரவை 2018 செப்டெம்பரில் செய்த பரிந்துரையை ஆளுநர் கிடப்பில் போட்டமையும், நீண்ட சிறைவாசமுமே இந்திய உச்ச நீதிமன்றம் 2022 இல் எழுவரையும் விடுவிக்கக் காரணங்களாயின. சான்றுகள் மீண்டும் எடைபோடப்படவில்லை. ஆகவே அவர்கள் குற்றமற்றவர்கள் எனத் தீர்க்கப்பட்டார்கள் என்று கூறுவதும் தவறு. குற்றம் ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று அடித்துக் கூறுவதும் பொருத்தமற்றது.

1991 மே 21 ஆம் திகதி இரவு ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, கடமையிலிருந்த பொலிஸார் உட்பட மேலும் பலர் உயிரிழந்தனர். அன்று களத்தில் எஞ்சிய தடயப்பொருள்கள் மிக வலுவானவை என்பதை மறுப்பதற்கில்லை. புகைப்படப்பிடிப்பாளர் ஹரிபாபு குண்டுவெடிப்பில் மாண்டார். அவரது கமரா தப்பியது. அதிலிருந்த பத்துப் படங்களே தணுவையும் சிவராசனையும் புலனாய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தன. தமிழகத் தடயவியல் துறையின் பணிப்பாளர் பி. சந்திரசேகரன், சிதறிக்கிடந்த துணித்துண்டுகள், வயர்கள், உருக்குக் குண்டுகள் ஆகியவற்றிலிருந்து, தணு தன் உடலில் அணிந்திருந்த குண்டின் அமைப்பை மீளக்கட்டிக் காட்டினார். குண்டைக் கொண்டுவந்தவர் யார், வெடிக்க வைத்தவர் யார் என்பதில் அதன்பின் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. விடுதலைப் புலிகளின் தலைவர் 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் செய்தியாளர்களைச் சந்தித்தபோது இதனை ஒரு ‘துன்பியல் சம்பவம்’ என்று கூறியதற்கு அப்பால் எதுவும் பேசவில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எப். கென்னடியின் கொலையை இதனோடு ஒப்பிடுவோர் உளர். அங்கு தடயப்பொருள் மீதே விவாதம். ஒரே சன்னம் இருவரின் உடல்களைத் துளைத்ததா என்று 1964 இலிருந்து வாதிடுகின்றனர். பொலிஸ் ஒலிப்பதிவொன்றை நம்பி 1979 இல் காங்கிரஸ் குழு சதி நிகழ்ந்திருக்கலாம் என்றது. 1982 இல் விஞ்ஞானிகள் அந்த ஒலி ஆய்வை நிராகரித்தனர். ஸ்ரீபெரும்புதூர் வழக்கின் சிக்கல் வேறு வகையானது. இங்கே பொருள் பொய் சொல்லவில்லை. எவருக்கு எவ்வளவு முன்கூட்டித் தெரியும் என்பதைப் பொருளால் சொல்ல முடியவில்லை.

பேரறிவாளனின் மின்கல விவகாரம் இதற்குத் தக்க உதாரணம். கைதாகும்போது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ற் மின்கலங்களை வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார் என்பதே அவர் மீதான பிரதான குற்றச்சாட்டு. சென்னையில் அத்தகைய மின்கலம் எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பண்டம். (அதே 1991 இல் பருத்தித்துறைக் கடைத்தெருவில் பற்றரி கிடைப்பது குதிரைக்கொம்பு. பொருளாதாரத் தடைப் பட்டியலில் அதுவும் இருந்தமையால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றிப் பி.பி.சி. தமிழோசை கேட்டது எமது தலைமுறை.) மின்கலத்தை வாங்குவது குற்றமாக வேண்டுமாயின், அது எதற்கென்று வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவை நிரூபித்தது எது? தடயவியல் அன்று, வாக்குமூலமே.

அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்திய புலனாய்வுப் பணியக அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வுபெற்ற பின்னர், 2013 இல் உண்மையொன்றை வெளியிட்டார். மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அதனைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார். 2017 இல் உச்ச நீதிமன்றத்திலும் சத்தியக்கடதாசி மூலம் அதனையே தெரிவித்தார். ஒரு வசனத்தை விட்டுவிட்டதன் விலை ஓர் இளைஞனின் 31 ஆண்டுகள். 1991 மே 7 ஆம் திகதி சிவராசன் பொட்டு அம்மானுக்கு அனுப்பிய வானொலிச் செய்தியோ, தம்மையும் இரு பெண்களையும் தவிர வேறு எவருக்கும் நோக்கம் தெரியாது என்ற கருத்தையே கொண்டிருந்தது. ஒட்டுக்கேட்டுப் பெறப்பட்ட அச்செய்தி அரச தரப்பின் கையிலேயே இருந்த சான்று.

இவ்வழக்கில் 17 பேரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தவரும் அதே அதிகாரிதான். சாந்தனுடையதும் அவற்றுள் ஒன்று. அவை யாவும் திரிக்கப்பட்டவை என நாம் கூறவரவில்லை. அவ்வாறு கூற எம்மிடம் ஆதாரமில்லை. ஆயினும் ஒன்றில் விடுபட்டது ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னர், ஏனையவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? அதுவும் நடக்கவில்லை. 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் மரணதண்டனை விதித்தது. 1999 மே 11 இல் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்து, நால்வரின் மரணதண்டனையை உறுதி செய்தது. தடாச் சட்டக் குற்றங்கள் பொருந்தாதெனக் கூறிய அதே தீர்ப்பு, தடாவின் 15 ஆம் பிரிவின்படி பொலிஸ் அத்தியட்சகர் முன் பெறப்பட்ட வாக்குமூலங்களை மட்டும் செல்லுபடியாக்கியது. சட்டம் போய்விட்டது, அதன் நிழல் தங்கிவிட்டது.

இந்த நிழல் எமது வாசகர்களுக்குப் புதிதன்று. 1979 இல் கொண்டுவரப்பட்ட இலங்கைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கின்றது. அது வலிந்து பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமை சந்தேகநபரின் தலையிலேயே விழும். சிங்கராசா வழக்கில் இம்முறை நியாயமான விசாரணைக்கு முரணானது என 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு கூறியது. 2006 இல் எமது உயர்நீதிமன்றம் அதற்குச் செவிசாய்க்க மறுத்தது. தடாவைக் கண்டிக்கும் கொழும்பின் அறிஞர்கள் தமது வாசற்படியையும் சற்றுக் குனிந்து பார்ப்பது நலம்.

இன்னொரு விடயம் எஞ்சியுள்ளது. அந்தக் குண்டைச் செய்தவர் யார், எங்கே செய்தார் என்பது நீதிமன்றில் நிலைநாட்டப்படவில்லை. பரந்த சதியை ஆராயவென 1998 இல் அமைக்கப்பட்ட பல்துறைக் கண்காணிப்பு முகவரகம், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நீடித்த பின் 2022 இல் கலைக்கப்பட்டது. அது சமர்ப்பித்த அறிக்கைகள் முத்திரையிட்ட உறைகளிலேயே நீதிமன்றை அடைந்தன. அவ்வுறைகள் திறக்கப்பட்டு, உள்ளிருப்பவை பொதுமக்கள் முன் வைக்கப்பட வேண்டும். எள்ளங்குளத்தில் மண் போட்டவர்களைப் போலவே, ஸ்ரீபெரும்புதூரில் உறவுகளை இழந்து இன்றுவரை பதில் கிடைக்காத குடும்பங்களும் அவற்றை வாசிக்க உரித்துடையவர்கள்.