சராசரி மட்டும் போதுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அடுப்பு, ஒரே உலை, ஒரே அரிசி என்பதால் அது சரி. வயல் அப்படியல்ல. மேடும் பள்ளமும், தலைமடையும் கடைமடையும் ஒன்றாகா. ஆயினும் "சராசரி மகசூல் கூடுதல்" என்ற ஒரே சொல்லை நம்பிக் கடன் வாங்கிப் புது விதை விதைப்பவர் பலர்.

மூலக்குளம் பகுதியில் பத்து வயல்களில் இரு நெல் ரகங்கள் பயிரானதாக வைத்துக்கொள்ளலாம். பழைய ரகம் ஏக்கருக்கு 28, 29, 30, 31, 32 மூட்டை; சராசரி 30. புது ரகம் 26, 27, 27, 28, 52 மூட்டை, சராசரி 32. புது ரகமே மேல் என்று தோன்றும். ஆனால் அதன் ஐந்து வயல்களில் நான்கு, பழைய ரகத்தின் மிகக் குறைந்த விளைச்சலைத் தாண்டவில்லை. ஏரி வண்டல் அடித்த ஒரு வயலே கணக்கைத் தூக்கி நிறுத்தியது. வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பார்த்தால் பழையது 30, புதியது 27!

சராசரிகளை ஒப்பிடும் 'டி' சோதனையை 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டவர் காசெட். அச்சோதனைக்கும் நிபந்தனைகள் உண்டு. ஒன்றிரண்டு எண்கள் மட்டும் தாறுமாறாக விலகியிருக்கக் கூடாது. இரு பிரிவிலும் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அளவும் தனித்தனியாக நிற்க வேண்டும். ஒரே வயலில் ஐந்து இடத்தில் அறுத்து எடை போட்டால் அது ஐந்து வயலாகிவிடாது. இவற்றைப் பாராமல் கணக்கிட்டால் விடை வரும்; உண்மை வராது.

நல்ல மண்ணுக்குப் புது ரகமும், களர் மண்ணுக்குப் பழைய ரகமும் ஒதுக்கினால் எந்தக் கணக்கும் உதவாது. அதனால்தான் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1919-இல் சேர்ந்த ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சிறு விவசாயிக்கு ஏற்றத்தாழ்வே பெரிய கவலை. ஒரு போகம் தவறினால் அடுத்த சாகுபடிக்குக் கையில் காசிராது. எனவே விதை விற்போரும் ஆய்வு நிலையங்களும் சராசரியோடு, எத்தனை வயல்கள், மிகக் குறைவு எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டும்.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தொடங்கியது புதுச்சேரியில்தான். அத்தகைய மண்ணின் விவசாயிகள் இக்கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். பதில் கிடைக்கும்வரை புது விதையைக் கொல்லையின் ஒரு மூலையில் மட்டும் விதைத்துப் பார்ப்பதே விவேகம்.