விம்பிள்டன் சாம்பியன் பட்டியல்: நாகர்கோவில்காரர் தொட்ட தூரத்தை அப்புறம் ஏன் யாரும் தொடலை?

1877-இல் தொடங்கி 2025 வரை விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் போட்டி 138 முறை நடந்திருக்கிறது. இரண்டு உலகப்போர்களின்போதும், 2020-இல் கொரோனாவுக்காகவும் மட்டும்தான் இடைவெளி. இந்த 138-இல் இந்தியப் பெயர் ஒன்றுகூட இல்லை.

'இதுல என்ன புதுசா இருக்கு'ன்னு தோணலாம். ஆனால் அந்தப் பட்டியலுக்கு மிக அருகே போன ஒரே இந்தியர் பிறந்த ஊர், தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர கார் பயணத்தில் இருக்கும் நாகர்கோவில். அவர் பெயர் ராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பிள்டன் அரையிறுதியில் ஆடினார். அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. இன்னொரு இந்தியர் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஏன்? பட்டியலைக் கொஞ்சம் கவனமாகப் படித்தால் பதில் கிடைக்கிறது.

பட்டியல் சுருக்கமாக…

* 1877: முதல் போட்டி. பதிவு செய்தவர்கள் 22 பேர். சாம்பியன் ஸ்பென்சர் கோர். பெண்களுக்கான போட்டி 1884-இல்தான் வந்தது. முதல் சாம்பியன் மாட் வாட்சன்.
* 1881 - 1886: வில்லியம் ரென்ஷா தொடர்ந்து ஆறு முறை, 1889-இல் ஏழாவது முறை. ஆனால் அப்போது நடப்பு சாம்பியன் நேராக இறுதிப்போட்டியில் மட்டும் ஆடினால் போதும். அந்தச் சலுகை 1922-இல் எடுக்கப்பட்டது.
* 1934 - 1936: பிரிட்டனின் பிரெட் பெர்ரி மூன்று முறை.
* 1957: ஆல்தியா கிப்சன். விம்பிள்டன் ஒற்றையரில் வென்ற முதல் கறுப்பினப் பெண். 1975-இல் ஆர்தர் ஆஷ், ஆண்களில் முதல் கறுப்பினச் சாம்பியன்.
* 1968: தொழில்முறை வீரர்களும் ஆடலாம் என்று விதி மாறியது. முதல் சாம்பியன் ராட் லேவர். அவருக்குக் கிடைத்த பரிசு 2,000 பவுண்ட்.
* 1976 - 1980: பியோன் போர்க் தொடர்ந்து ஐந்து. பெண்களில் மார்ட்டினா நவ்ரத்திலோவா மொத்தம் ஒன்பது.
* 2003 - 2022: ரோஜர் பெடரர் எட்டு, நோவக் ஜோகோவிச் ஏழு. நடுவில் ரஃபேல் நடால் இரண்டு, ஆண்டி முர்ரே இரண்டு.
* 2023, 2024: கார்லோஸ் அல்கராஸ். 2025: யானிக் சின்னர்.

கிருஷ்ணன் எவ்வளவு பக்கத்தில் போனார்?

'அரையிறுதி வரை போனார்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அவர் யார் யாருடன் ஆடினார் என்று பார்த்தால்தான் அந்த ஆட்டத்தின் தரம் புரியும்.

1954-இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை கிருஷ்ணன் வென்றார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர்தான். இறுதியில் அவரிடம் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். நான்கே ஆண்டுகளில், 1958-இல், அதே கூப்பர் விம்பிள்டன் ஆண்கள் சாம்பியன்.

1960 அரையிறுதியில் கிருஷ்ணனைத் தோற்கடித்தவர் நீல் ஃப்ரேசர். அந்த ஆண்டின் சாம்பியன் அவரே. 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் கிருஷ்ணன் வீழ்த்தினார். எமர்சன் 1964, 1965 சாம்பியன். அடுத்து அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். அந்த ஆண்டு கோப்பை லேவருக்கு.

ஆக, பட்டியலில் இருக்கும் நான்கு சாம்பியன்களோடு விம்பிள்டனிலேயே மோதி, இரண்டு பேரை வென்றிருக்கிறார். 1962-இல் அவருக்கு நான்காவது சீடிங் கொடுத்தார்கள். கணுக்கால் காயம் பாதியில் வெளியேற்றியது. 'ஏதோ அதிர்ஷ்டத்துல ஒரு தடவை வந்துட்டார்' என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் எப்படி உருவானார்?

அப்பா டி.கே.ராமநாதன் தேர்ந்த டென்னிஸ் வீரர். மகனுக்குப் பயிற்சியாளரும் அவரேதான். கிருஷ்ணன் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, கல்லூரி மாணவர்கள் மட்டும் ஆடும் பெர்ட்ராம் போட்டியில் கலந்துகொள்ள லயோலா கல்லூரி முதல்வர் சிறப்பு அனுமதி கொடுத்தார். 1951-இல் பையன் கோப்பையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, ஆட்டம் தெரிந்த அப்பா. இன்னொன்று, சரியான வயதில் விதியைத் தளர்த்திக் கதவைத் திறந்துவிட்ட ஒரு வெளி ஆள். முதலாவது வீட்டில் அமைந்தது. இரண்டாவது, ஒருவருடைய நல்ல மனசால் அமைந்தது. இரண்டுமே தற்செயல்தான்.

அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். 1986-இல் ஆண்கள் காலிறுதி வரை போனார். சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1973, 1981 ஆண்டுகளில் காலிறுதி ஆடினார். ரமேஷுக்கும் வீட்டிலேயே டென்னிஸ். அமிர்தராஜ் வீட்டில் ஆனந்த், விஜய், அசோக் என்று மூன்று சகோதரர்களும் ஆட்டக்காரர்கள். எங்கே பார்த்தாலும் குடும்பம்தான் அகாடமி.

சிறுவர் பட்டம் வென்றால் பெரிய பட்டம் வருமா?

பெரும்பாலும் வராது. இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும் ஆண்கள் பட்டத்தையும் வென்றவர்கள் போர்க், பேட் கேஷ், ஸ்டீபன் எட்பர்க், பெடரர் என நான்கே பேர். ரமேஷுக்கு முந்தைய ஆண்டு சிறுவர் சாம்பியனான இவான் லெண்டில், பின்னாளில் உலகின் நம்பர் 1 ஆனார். அவருக்கே ஆண்கள் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதனால் 'இந்தியா ஏன் சாம்பியனை உருவாக்கலை' என்று கேட்பதைவிட, 'காலிறுதி, அரையிறுதி வரை போனவர்கள்கூட ஏன் தொடர்ந்து வரலை' என்று கேட்பதுதான் நியாயம்.

மற்ற நாட்டுச் சாம்பியன்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பணக்கார நாடு, பெரிய நகரம், பெரிய கிளப் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் கதை வேறு மாதிரி இருக்கு.

யானிக் சின்னர் வளர்ந்தது இத்தாலியின் மலைப்பகுதியில் சுமார் 2,000 பேர் வாழும் செஸ்டன் என்ற சிற்றூர். பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் அப்பா சமையல்காரர், அம்மா உணவு பரிமாறுபவர். 13 வயதில் அவர் ஊரை விட்டு, ரிக்கார்டோ பியாட்டி என்ற பயிற்சியாளரின் மையத்தில் சேர்ந்தார். ஆண்டி முர்ரேவின் ஊர் டன்பிளேன், ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன டவுன். அம்மாவே பயிற்சியாளர். 15 வயதில் பார்சிலோனா அகாடமிக்குப் போனார். அல்கராஸின் அப்பாவும் டென்னிஸ் சொல்லிக்கொடுப்பவர்தான். பையன் பதின்பருவத்தில் ஃபெரேரோ அகாடமியில் சேர்ந்தார். பெடரர் 14 வயதில் சுவிட்சர்லாந்து தேசியப் பயிற்சி மையத்துக்குப் போனார்.

சின்ன ஊர், டென்னிஸ் தெரிந்த அப்பா அம்மா. இதெல்லாம் நாகர்கோவில் கிருஷ்ணனுக்கும் இருந்தது. ஆனால் 13-லிருந்து 15 வயதுக்குள் வீட்டுக் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள அங்கே ஓர் அமைப்பு தயாராக இருந்தது. வீடு தொடங்கிவைத்ததை அமைப்பு முடித்துவைத்தது.

பணம் மட்டும் போதாது என்பதற்கும் இதே பட்டியலில் சாட்சி உண்டு. விம்பிள்டன் லாபம் பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கத்துக்கே போகிறது. புல்தரையும் அவர்களுடையது. இருந்தும் பெர்ரிக்குப் பிறகு 2013-இல் முர்ரே வெல்லும் வரை 77 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

இங்கே அப்படி ஏதும் நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது, அதுவும் சென்னையில். பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய அகாடமியில் 1985-இல் கொல்கத்தாவிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். வயது 12. ஐந்தே ஆண்டுகளில், 1990-இல், அவன் விம்பிள்டன் சிறுவர் சாம்பியன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம். பெயர் லியாண்டர் பயஸ்.

சரியான வயதில் பிள்ளையை எடுத்து, தங்க இடம், படிப்பு, முழுநேரப் பயிற்சி எல்லாம் கொடுத்தால் இங்கேயும் பலன் வரும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

இப்போது கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில் அரையிறுதி வரை போய் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். அவர் அடுத்த கட்டப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஸ்பெயினில் உள்ள நடால் அகாடமி. அது அவருக்குச் சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். மற்ற 999 பேர் என்ன செய்வார்கள்?

தூத்துக்குடி பிள்ளைக்கு என்ன வழி?

தூத்துக்குடியில் 12 வயதுப் பெண் ஒருத்தி நன்றாக ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் பெரிய போட்டி என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி பயணம் செய்து சென்னை போக வேண்டும். கூட அப்பாவோ அம்மாவோ போக வேண்டும், அதற்கு லீவு எடுக்க வேண்டும். முதல் சுற்றிலேயே தோற்றால் அன்று சாயங்காலமே திரும்பும் ரயில். இதைப் பல தடவை செய்தால்தான் தரவரிசையில் பெயர் ஏறும். பத்தாம் வகுப்பு வந்ததும், 'போதும், படிப்பைப் பாரு' என்று வீட்டில் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதையும் தாண்டிப் போனால் கணக்கு இன்னும் கடுமை. விம்பிள்டன் பிரதான சுற்றில் 128 இடங்கள். அதில் 104 நேரடியாகத் தரவரிசைக்கு, 16 தகுதிச்சுற்றில் வென்றவர்களுக்கு, 8 வைல்டு கார்டு. 2025-இல் முதல் சுற்றில் தோற்றவருக்கே 66,000 பவுண்ட் கிடைத்தது. அதாவது உள்ளே போய்விட்டால் அடுத்த ஓராண்டுச் செலவைச் சமாளிக்கலாம். அந்த வாசல் வரைக்கும் நாடு நாடாகப் போய், சின்னப் போட்டிகளில் புள்ளி சேர்க்கும் செலவு முழுக்கக் குடும்பத்தின் தலையில்.

முத்துக்கரை கற்றுக்கொண்ட பாடம்

இந்தக் கடற்கரைக்கு இதே மாதிரி ஓர் அனுபவம் ஏற்கெனவே உண்டு. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு 1961. கிருஷ்ணன் கடைசியாக விம்பிள்டன் அரையிறுதி ஆடியதும் அதே 1961. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆண்டு மட்டும்தான் ஒன்று.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. பாரில் சிப்பி தானாகப் பெருகும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் வேப்பலோடையில் சிப்பியை வளர்த்து, 1973-இல் முத்தையே உருவாக்கிக் காட்டினார்கள். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையும் தூத்துக்குடி பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தார்கள். இயற்கை கொடுத்தால் வாங்கிக்கொள்வது ஒரு வழி. எப்படி விளைகிறது என்று புரிந்துகொண்டு விளைவிப்பது இன்னொரு வழி.

டென்னிஸில் தமிழ்நாடு இன்னும் முதல் வழியில்தான் நிற்கிறது. கிருஷ்ணன் வீடு, அமிர்தராஜ் வீடு மாதிரி இன்னொரு வீடு அமையாதா என்று காத்திருக்கிறது.

என்ன செய்யணும்?

பெரிய போட்டி நடத்துவது நல்ல விஷயம்தான். 1997 முதல் 2017 வரை சென்னையில் நடந்த ஏடிபி போட்டி புனேவுக்குப் போனது ஓர் இழப்பு. 2022-இலும் 2025-இலும் சென்னையில் டபிள்யூடிஏ போட்டி நடந்தது மகிழ்ச்சி. ஆனால் 21 ஆண்டு நடந்த அந்த ஏடிபி போட்டியின் ஒற்றையர் சாம்பியன்களிலும் இந்தியர் யாரும் இல்லை. 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிவரை போனதுதான் உச்சம். வாசலில் திருவிழா நடத்தினால் மட்டும் வீட்டுப் பிள்ளை சாம்பியன் ஆகிவிடாது.

தேவைப்படுவது மூன்று. தென் மாவட்டங்களுக்கென்று, நெல்லையிலோ தூத்துக்குடியிலோ, 12 வயதிலிருந்து தங்கிப் படித்து ஆடக்கூடிய ஓர் அரசு டென்னிஸ் மையம். தரவரிசைப் புள்ளி தரும் ஜூனியர் போட்டிகள் ஆண்டுக்குச் சிலவாவது இந்தப் பக்கம். பொதுத்தேர்வு எழுதும் ஆண்டிலும் ஆட்டத்தை விடாமல் இருக்க, பள்ளியில் முறையான சலுகை. விளையாட்டு விடுதிகளும், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் செய்தாலும் 139-வது பெயரோ 150-வது பெயரோ தமிழ்ப் பெயராக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் 1951-இல் ஒரு கல்லூரி முதல்வர் தன் விருப்பத்தில் திறந்த கதவு, இன்று தூத்துக்குடியில் ராக்கெட்டைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு உரிமையாகத் திறக்க வேண்டும். அரசால் செய்ய முடிந்த காரியம் அது.