உத்தரவே இல்லாத பணிநீக்கம்

ஆடி மாதம் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழா முடிந்த மறுநாள் அந்தியூர் எப்படி இருக்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். குதிரைகளும் மாடுகளும் நின்ற இடமெல்லாம் சாணம், கடைகள் இருந்த இடமெல்லாம் பிளாஸ்டிக், எச்சில் இலை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் காணாமல் போய்விடும். அள்ளுகிற கைகள் பெரும்பாலும் அருந்ததியர் கைகள், அதிலும் பெண்களின் கைகள். திருவிழா செய்திகளில் குதிரையின் விலை வரும், வந்த கூட்டத்தின் கணக்கு வரும். இவர்களின் கூலி வராது.

இந்தக் கைகள் ஒரு நாள் ஓய்ந்தால் என்ன ஆகும்? ஊருக்கு ஆவதைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஓய்ந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் நம் கேள்வி.

நம் வட்டாரத்தில் ஓர் உள்ளாட்சியில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். பிடித்தம் செய்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறவில்லை என்று ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் போனார்கள். முன்னால் நின்று பேசிய மூன்று பெண்களிடம் மட்டும் மேஸ்திரி, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். நாம் அவர்களோடு அலுவலகம் போனோம். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார் அதிகாரி. ஒப்பந்ததாரரோ, நான் யாரையும் நீக்கவே இல்லை, இப்போதைக்கு ஆள் தேவையில்லை, அவ்வளவுதான் என்றார். நீக்கியதற்குத் தாள் இல்லை. வேலைக்குச் சேர்த்ததற்கும் தாள் இல்லை. "எங்க பேரே நோட்டுல இல்லைன்னு சொல்றாங்க, அப்புறம் எப்படிங்க நாங்க வேலையில இருந்தோம்?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

சட்டத்தில் பதில் இருக்கிறது. சட்டப்படி நடந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக ஒருவரை நீக்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகவே இருந்தாலும், அதில் கலந்துகொண்டார் என்ற ஒன்றுக்காக மட்டும் தண்டித்துவிட முடியாது, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று 1979-இல் குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஆனால் இந்தப் பாதுகாப்பு கையில் உத்தரவு வைத்திருப்பவருக்கே எளிதில் கிடைக்கிறது.

2003 ஜூலையை நினைத்துப் பாருங்கள். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் 1,70,000 பேருக்கு மேல் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது நம்மைப் பொறுத்தவரை மோசமான தீர்ப்புதான். ஆனாலும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நம் மூன்று பெண்கள் யாருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது?

கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் 2022 அக்டோபரில் மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த கூலியைத்தான் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அரசே நிர்ணயித்த கூலியைக் கேட்கவும் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. சென்னையில் 5, 6-ஆம் மண்டலங்களின் குப்பைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்தவர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் காவல்துறை தூக்கிச் சென்றது. கூலி கேட்ட தலித் மக்களுக்கு இந்த மண் கொடுத்த பதில்கள் இதைவிடக் கொடியவை. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர். 1999-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போனவர்களில் தாமிரபரணியில் 17 உயிர்.

1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை எதிர்த்து நின்றார். வேலை செய்ய மறுத்ததற்காக ஒருவரைத் தண்டிப்பது அவரை அடிமையாக்குவதே என்பது அவர் வாதம். அதோடு விடவில்லை, நவம்பர் 7 அன்று அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்ட்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். அவர் சிலைக்கு மாலை போடும் நம் கட்சிக்காரர்கள் பலருக்கு இது நினைவில் இருப்பதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நிலைமையை இன்னும் இறுக்குகிறது. இனி எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றாகிவிட்டால் தொழிலாளிக்கு ஒரு மாதம் வரை சிறை உண்டு. பழிவாங்கி நீக்கும் முதலாளிக்கோ முதல் குற்றத்துக்கு அபராதம் மட்டுமே. பழைய சட்டத்தில் ஆறு மாதச் சிறைக்கு இடமிருந்தது. துப்புரவு பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் நம் மக்களுக்கு முன்னறிவிப்பு விதி முன்பே உண்டு. பலருக்கு அது தெரியாது. தெரியாமல் நிறுத்துவதுதான் ஒப்பந்ததாரருக்கு வசதி.

நம் வழக்கறிஞர்கள் இன்னொரு சட்டத்தையும் கையில் எடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினர் மீதான பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. கூலிக்கு வேலை தர மறுப்பதும் அந்த வரையறைக்குள் வருகிறது. நியாயம் கேட்ட அருந்ததியர் பெண்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒதுக்கி, பக்கத்து ஊர் ஒப்பந்ததாரரிடமும் சொல்லிவைத்து வேலை கிடைக்காமல் செய்வது வேறென்ன? பண்ணயத்தில் எதிர்த்துப் பேசிய ஆளுக்கு அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வேலை கொடுக்காதே என்று சொல்லிவைத்த காலத்தை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. தோட்டத்துக்குப் பதில் டெண்டர் வந்திருக்கிறது.

தூய்மைப் பணி நின்றால் நோய் வரும், மக்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அவ்வளவு இன்றியமையாத வேலை என்றால் அதைச் செய்பவரின் பெயர் ஏன் பதிவேட்டில் இல்லை என்று நாமும் கேட்கிறோம்.

ஈரோடு மாவட்டத்தின் உள்ளாட்சிகள் இதற்குப் புதுச் சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த டெண்டர் நிபந்தனையிலேயே எழுதலாம்: பணியாளர் பட்டியல் உள்ளாட்சியிடம் இருக்க வேண்டும், மாதச் சம்பளச் சீட்டு தர வேண்டும், ஒப்பந்ததாரர் மாறினாலும் ஆள் மாறக் கூடாது, எழுத்துமூலக் காரணமும் உள்ளாட்சியின் ஒப்புதலும் இல்லாமல் யாரையும் நிறுத்தக் கூடாது. குறிப்பாக, வேலைநிறுத்தம் முடிந்த ஆறு மாதத்துக்குள் நிறுத்தினால் அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது.

அந்த மூவரில் ஒருவர் இப்போது வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகிறார். மற்ற இருவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் அதிகம். வரும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அவர்களோடு போகிறோம். சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகத்தின் நகலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள் என்பதற்கு இப்போதைக்கு இருக்கிற ஒரே தாள் அதுதான்.