தீர்க்கதரிசி சோதிடரா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தீர்க்கதரிசி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? நாளை நடப்பதை இன்றே சொல்லிவிடும் ஒருவர்தாம். தலைவர் ஒருவர் சொன்னது பின்னாளில் பலித்துவிட்டால் அவரைத் தீர்க்கதரிசி என்று மேடையில் புகழ்கிறோம். நெடுந்தொலைவு காண்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால், யூதரும் கிறிஸ்தவரும் போற்றும் வேதநூல்களில் வரும் தீர்க்கதரிசிகளை இந்த அளவுகோலால் அளப்பது பொருந்தாது என்பது என் கருத்து.

எபிரேய மூலத்தில் அவர்களுக்கு 'நாபி' என்று பெயர். தமக்குப் பேச்சு வராது என்று தயங்கிய மோசேக்கு அவருடைய அண்ணன் ஆரோன் 'நாபி'யாக இருப்பார் என்கிறது யாத்திராகமம் 7ஆம் அதிகாரம். ஆரோன் எதிர்காலத்தைக் கணித்தவர் அல்லர். மோசேயின் வாயாக நின்று பேசியவர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்று கூறுவது இதனாலேயே சாலப் பொருத்தம்.

அவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள்? ஆமோஸை எடுத்துக்கொள்வோம். யூதா நாட்டுத் தெக்கோவா ஊரினர். மந்தை மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பேணியும் பிழைத்தவர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட வட இஸ்ரவேலுக்குச் சென்றார். அங்கே அவர் கண்டது என்ன? தானியம் அளக்கும் மரக்கால் சிறுத்திருந்தது. விலையாக வாங்கும் வெள்ளியை நிறுக்கும் கல் பெருத்திருந்தது. பதரும் விலைக்குப் போயிற்று. ஒரு ஜோடி செருப்புக்கு ஏழை விற்கப்பட்டான். செல்வரோ தந்தக் கட்டில்களில் சாய்ந்திருந்தனர். நீதியில்லாத இடத்தில் பண்டிகையும் பலியும் வீண் என்று முழங்கினார் ஆமோஸ். பெத்தேல் ஆசாரியன் அமத்சியா அவரைச் சொந்த நாட்டுக்கே ஓடிவிடச் சொன்னான். தாம் தீர்க்கதரிசியும் அல்ல, தீர்க்கதரிசியின் மகனும் அல்ல என்றார் ஆமோஸ். பரம்பரையும் இல்லை, பட்டமும் இல்லை. கண்டதைச் சொல்லும் துணிவு மட்டும் இருந்தது!

"அப்படியானால் வருங்காலத்தை அவர்கள் அறிவிக்கவே இல்லையா?" என்று நண்பர்கள் கேட்கலாம். அறிவித்தார்கள். சொன்னது நடக்காவிட்டால் அது இறைவன் வாக்கன்று என உபாகமம் 18ஆம் அதிகாரமே கூறுகிறது. எனினும் யோனாவின் கதை வேறொன்றைக் காட்டுகிறது. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார் அவர். ஊரார் மனந்திரும்பினர், ஊர் பிழைத்தது. எருசலேம் வயலைப் போல் உழப்படும் என்றார் மீகா. எசேக்கியா மன்னர் அஞ்சித் திருந்தினார். அழிவு அன்று வரவில்லை. ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின் எரேமியாவைக் கொல்லத் துடித்தது ஒரு கூட்டம். அப்போது மூப்பர் சிலர் மீகாவின் அந்த வாக்கையே எடுத்துக்காட்டி எரேமியாவுக்காக வாதாடினர். பலிக்காத வாக்கு ஓர் உயிரைக் காக்கத் துணை நின்றது!

நோயாளியை மருத்துவர் எச்சரிக்கிறார். அவன் திருந்திப் பிழைத்துக்கொண்டால் மருத்துவர் சொன்னது பொய் என்போமா?

எச்சரிக்கை பலித்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு எரேமியாவே சான்று. அவர் சொல்லச் சொல்லப் பாருக் எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் எறிந்தான். எரேமியா சோர்ந்துவிடவில்லை, மீண்டும் சொல்லி எழுதுவித்தார். பின்னர் அவரைச் சேறு நிறைந்த குழியில் இறக்கினார்கள். எத்தியோப்பியனான எபெத்மெலேக் பழந்துணிகளைக் கயிற்றில் விட்டு, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தூக்கிக் காப்பாற்றினான். இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகம் முறியும் என்று இனிக்க இனிக்கச் சொன்னவன் அனனியா. முடிவு? கி.மு. 586 வாக்கில் எருசலேம் தீக்கிரையாயிற்று. எரேமியா சொன்னது பலித்தது. அதில் அவருக்கு வெற்றி ஏது? தம் மக்கள் கேட்டுத் திருந்த வேண்டும் என்பதற்கன்றோ அவர் நாற்பது ஆண்டுகள் கதறினார்!

ஆகவே நண்பர்களே, தீர்க்கதரிசியின் வெற்றி வாக்குப் பலிப்பதில் இல்லை. அது பலிக்கத் தேவையில்லாதபடி மக்கள் மாறுவதில் இருக்கிறது. சோதிடரிடம் நாம் கேட்பது, "எனக்கு என்ன நடக்கும்?" என்பது. தீர்க்கதரிசி நம்மிடம் கேட்பதோ, "நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்பது. முதற்கேள்விக்கு விடை தேடிக் காத்திருப்பது எளிது. இரண்டாவதற்கு விடை சொல்லத் தொடங்கினால், நம் மரக்காலையும் எடைக்கல்லையும் நாமே சரிபார்க்க வேண்டிவரும்.